இசைத்தட்டின் வேகமும் குரலின் மெய்ம்மையும்

மறைந்தவர் குரலை மறுபடியுங் கேட்டல் கூடும் என்பது நம் முன்னோர் கனவிலுங் கருதாத ஒன்று. ஏட்டில் எழுதிய பாட்டு நிலைத்தது. அதனைப் பாடிய குரலோ பாடியவரோடு போயிற்று. 1887ஆம் ஆண்டு எமில் பேர்ளினர் என்பவர் ஒலியைத் தட்டையான வட்டிலிற் பொறிக்கும் முறையைக் கண்டபின் இந்நிலை மாறத் தொடங்கியது. எனினும், தட்டிற் பொறித்த குரல் தானே ஒலிப்பதன்று. அதனைச் சுழற்றல் வேண்டும். விரைந்து சுழற்றினாற் குரல் உயரும். மெல்லச் சுழற்றினால் தாழும். ஆகவே, எவ்வேகத்திற் சுழலும் தட்டு நல்ல ஒலியைத் தரும் என்னும் வினா, கருவி வாங்குவோர்க்கு மட்டும் உரியதன்று. இசையிலும் அதன் வரலாற்றிலும் ஈடுபாடுடையோர் யாவர்க்கும் உரியதாகும்.

இவ்வினாவை எமக்கு எழுப்பியது கந்தப்பளையிற் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சி. நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வழியில், கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலே அமைந்த ஊர் அது. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றிலே கணக்கப்பிள்ளையாயிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், தம் தந்தையார் வாங்கிய சாவி முறுக்கும் கிராமபோனையும், அதனோடு வந்த அரக்குத் தட்டுகளையும் இன்றும் பேணி வைத்துள்ளார். அவருடைய பேரன் கொழும்பிலிருந்து புதிய மின்சாரச் சுழல்பெட்டியொன்றைக் கொண்டுவந்து, பழைய நாடகப் பாடலொன்றை அதில் ஒலிக்கச் செய்தான். இரண்டு அடி கேட்டதும் முதியவர், "தம்பி, நிறுத்து. இது அவரு குரலே இல்ல, யாரோ சின்னப் பையன் பாடுற மாதிரி இருக்கு" என்றார். "மிசின் சரியா எழுபத்தெட்டுல ஓடுது, தாத்தா. நீங்க கேட்டுப் பழகினதுதான் பிழை" என்றான் பேரன். தட்டின்மேல் 78 என்றே அச்சிடப்பட்டிருந்தது. ஒருவர் பக்கம் அறுபது ஆண்டு நினைவு. மற்றவர் பக்கம் அச்சிட்ட எண். இவருள் யார் கூற்று மெய்?

இதற்கு விடை காணுமுன், வேகம் பற்றிய வினா உண்மையில் இரண்டு வினாக்களாகும் என்பதை உணர்தல் வேண்டும். ஒன்று, தட்டு வாங்குவோர் எந்த வேகத்திற்கெனப் பொறித்த தட்டைத் தெரிவது என்பது. மற்றது, பொறித்த தட்டொன்றை எவ்வேகத்திற் சுழற்றுவது என்பது. முன்னையது ஒலியின் நயத்தைப் பற்றியது. பின்னையது ஒலியின் மெய்ம்மையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதனாலேயே பல பிழைகள் நேர்கின்றன.

வேகங்கள் தோன்றிய வரலாறு

தட்டு நிமிடத்துக்கு இத்தனை முறை சுழலவேண்டும் என்று தொடக்கத்தில் எவரும் விதித்திலர். முதற் கருவிகள் கையாற் சுழற்றப்பட்டன. பின்னர்ச் சுருள்வில் வந்தது. 1902ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்கு வந்த பிரெட் கைஸ்பேர்க், கௌஹர் ஜான் முதலிய பாடகியர் குரலைப் பொறித்த காலத்தில், வேகம் பதிவாளரின் விருப்பத்தையும் தேவையையும் பொறுத்ததாகவே இருந்தது. பாட்டுச் சற்று நீண்டதாயின் தட்டை மெல்லச் சுழற்றி இடம் பெறுவர்; ஒலி வலுவாக வேண்டின் விரைந்து சுழற்றுவர். இதனால் அக்காலத் தட்டுகள், 70 சுழற்சிக்கும் 82 சுழற்சிக்கும் இடைப்பட்ட பல வேகங்களிற் பொறிக்கப்பட்டன. பிற்காலத்தார் அவையனைத்தையும் "எழுபத்தெட்டு" என்ற ஒரே பெயரால் வழங்கினர்.

1925ஆம் ஆண்டு மின்முறைப் பதிவு வந்தது. அதன்பின் மின்மோட்டரின் சுழற்சியே அளவுகோலாயிற்று. நிமிடத்துக்கு 3600 முறை சுழலும் மோட்டரின் வேகத்தைப் பற்சில்லுகளால் 46இல் ஒரு பங்காகக் குறைத்தால் 78.26 சுழற்சி கிடைக்கும். மின்சாரத்தின் மீடிறன் செக்கனுக்கு 50 ஆகவுள்ள நாடுகளில் இதற்கு நெருங்கிய 77.92 வழக்காயிற்று. 78 என்பது இவ்விரண்டிற்கும் பொதுவாக இட்ட முழுவெண் எனலாம்.

33⅓ என்னும் வேகம் இசைக்காகத் தோன்றியதன்று. 1926இற் பேசும்படங்களுக்கு ஒலி சேர்க்க முயன்றோர், ஒரு படச்சுருள் ஓடும் 11 நிமிடமும் ஒலிக்கவல்ல 16 அங்குலத் தட்டை ஆக்கினர். அதற்கு மெல்லிய சுழற்சி வேண்டியதாயிற்று. 1948இல் கொலம்பியா நிறுவனத்தார் இவ்வேகத்தை வைனல் என்னும் செயற்கைப் பொருளாலாகிய 12 அங்குலத் தட்டுக்கு எடுத்துக்கொண்டனர். அதுவே நெடுந்தட்டு. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தார், நிமிடத்துக்கு 45 முறை சுழலும் 7 அங்குலச் சிறு தட்டை வெளியிட்டனர். இரு நிறுவனங்களும் சில காலம் போட்டியிட்டுப் பின்னர் ஒன்றன் முறையை மற்றொன்று ஏற்றன. நீண்ட இசைக்கு 33⅓, தனிப் பாடலுக்கு 45 என்ற வழக்கு இவ்வாறு நிலைபெற்றது. மேனாடுகளில் 78 ஏறத்தாழ 1960 அளவில் ஓய்ந்தது. இந்தியாவிலோ அது அதன் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள் கூட அங்கே 78 சுழற்சி அரக்குத் தட்டுகளாக வெளிவந்தன. இதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

சாலும் ஊசியும்

உழவன் நிலத்திற் சால் இடுவதுபோலப் பதிவுக் கருவியின் கூர்முனை தட்டின்மேற் சால் இடுகின்றது. தட்டிற் காணும் நூற்றுக்கணக்கான கோடுகள் தனித்தனி வட்டங்கள் அல்ல. வெளி விளிம்பிற் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே சால். ஒலியின் அதிர்வுகள் அச்சாலின் நெளிவுகளாக அமைகின்றன. செக்கனுக்கு 10,000 முறை அதிரும் கூரிய ஒலி, ஒரு செக்கனில் ஊசி கடக்கும் சாலின் நீளத்துள் 10,000 நெளிவுகளை இடும். அந்நீளம் மிகுதியாயின் நெளிவுகள் விரிந்திருக்கும். ஊசி அவற்றைப் பிழையின்றித் தொடரும். நீளம் குறைவாயின் நெளிவுகள் நெருங்கும். ஊசி அவற்றின் வளைவுள் இறங்கமாட்டாது மேலாகச் செல்லும். தாளத்தின் கிணுகிணுப்பும், வயலினின் வில் உரசலும், "ச", "ஸ" முதலிய எழுத்துகளின் தெளிவும் அப்போது மழுங்கும்.

எனவே, ஒலி நயத்தை நிருணயிப்பது தட்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கின்றது என்பதன்று; ஒரு செக்கனில் ஊசியின்கீழ் எவ்வளவு சால் ஓடுகின்றது என்பதே. இது சுழற்சியோடு ஆரையையும் பொறுத்தது. தட்டின் விளிம்பிற் சுற்று நீளம் பெரிது, நடுவிற் சிறிது. 12 அங்குல நெடுந்தட்டு ஒன்றில், விளிம்பிலே செக்கனுக்கு ஏறத்தாழ 20 அங்குலச் சால் ஓடும். பக்கத்தின் முடிவிலோ 8¼ அங்குலமே ஓடும். 7 அங்குல 45இல் தொடக்கத்தில் ஏறத்தாழ 15½ அங்குலம். முடிவில் 10 அங்குலம். 10 அங்குல 78இல் தொடக்கத்தில் 39 அங்குலம். முடிவில் 15½ அங்குலம்.

இவ்வெண்களைச் சற்று நிதானித்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். நெடுந்தட்டின் முதற்பாட்டு, 45 சுழற்சிச் சிறு தட்டிற் பொறித்த பாட்டைவிட விரைந்த சாலில் அமைந்தது. அதே நெடுந்தட்டின் கடைசிப் பாட்டோ, சிறு தட்டின் மிக மெல்லிய இடத்தினும் மெல்லிய சாலில் அமைந்தது. ஆகவே, "33⅓ சிறந்ததா, 45 சிறந்ததா?" என்று பொதுவில் வினவுதல் பொருந்தாது. பாட்டுத் தட்டில் எவ்விடத்தில் உள்ளது என்பதையுஞ் சேர்த்தே வினவுதல் வேண்டும். இக்காலத்தில் 12 அங்குலத் தட்டையே 45 சுழற்சியிற் பொறித்து வெளியிடுவாரும் உளர். அதில் விளிம்பிற் செக்கனுக்கு 27 அங்குலமும் முடிவில் 11 அங்குலமும் சால் ஓடும். ஒலியின் தெளிவொன்றையே வேண்டுவோர்க்கு வைனற் தட்டுகளுள் இதனிற் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆயின், நேரம் குறையும், ஒரு நெடுந்தட்டில் அடங்கும் இசைக்கு இரண்டு தட்டு வேண்டியதாகும், விலையும் ஏறும்.

அங்ஙனமாயின் மூன்றினும் விரைந்த 78 அன்றோ மிகச் சிறந்த ஒலியைத் தரவேண்டும் எனச் சிலர் வினவலாம். இங்கே ஊசியின் நுனியையும் எண்ணுதல் வேண்டும். நெடுந்தட்டின் சாலுக்குரிய ஊசி நுனியின் ஆரை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினுங் குறைவு. 78இன் அகன்ற சாலுக்குரிய நுனியோ ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு. நெடுந்தட்டின் முடிவில் 10,000 அதிர்வு ஒலியின் ஒரு நெளிவு, ஊசி நுனியின் ஆரையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீளமுடையது. 78இன் முடிவில் நெளிவு அதனினும் நீண்டதே. ஆயினும் அங்குள்ள பருத்த நுனியின் ஆரையில் அது பாதியளவே. காலடி பெரிதாயின் படியும் பெரிதாதல் வேண்டுமன்றோ? இதனோடு, அரக்குடன் கலந்த கல்மாவின் சொரசொரப்பு இடையறாத இரைச்சலைத் தரும். 1925க்கு முன் கூம்பின் வழியே பொறித்த தட்டுகளிற் கூரிய ஒலிகள் முதலிலேயே ஏறவில்லை. ஏறாத ஒலியை எவ்வேகமும் எழுப்பமாட்டாது.

ஆகவே, வேகம் நயத்துக்கு வேண்டிய காரணங்களுள் ஒன்றேயன்றித் தனிக் காரணமன்று. பொருள், சால், ஊசி, பதிவு முறை என்பன ஒத்திருக்கும்போதுதான் விரைந்த சால் வெல்லும்.

நேரமும் இசையின் அமைதியும்

விரைந்த சாலுக்கு நாம் கொடுக்கும் விலை நேரம். 10 அங்குல 78இன் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாகவே பாடலாம். நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் பாடலாம். இவ்வேறுபாடு நம் இசையின் வடிவத்தையே மாற்றியது. இராகத்தைப் படிப்படியாக விரித்துப் பாடுதலே கருநாடக இசையின் உயிர்நிலை. மூன்று நிமிடத்துள் அதற்கு இடமேது? வித்துவான்கள் ஆலாபனையைச் சில சொற்கட்டுப்போலச் சுருக்கி, பல்லவியையும் சரணத்தையும் விரைந்து முடித்து, மணியோசைக்கு முன் ஓய்ந்தனர். குறுகிய எல்லைக்குள் இராகத்தின் முகத்தைக் காட்டிய அத்திறமை போற்றத்தக்கதே. ஆயினும், கச்சேரி மேடையில் அவர் பாடிய முறை அதுவேயெனக் கொள்ளுதல் தவறாகும்.

நெடுந்தட்டு வந்தபின்னரே நீண்ட பாராயணமும் விரிந்த ஆலாபனையும் இடையறவின்றி வீட்டில் ஒலித்தன. 1963இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்பிரபாத நெடுந்தட்டு வைகறைதோறும் பல்லாயிரம் இல்லங்களில் ஒலித்தமைக்கு, அப்பாராயணம் இடையிடையே தட்டு மாற்றும் தொல்லையின்றி ஓடியதும் ஒரு காரணமாகும். அதனை 78இற் பொறித்திருப்பின் மூன்று நிமிடத்துக்கொருமுறை எழுந்து தட்டைப் புரட்டல் வேண்டும். திரைப்பாடலோ மூன்று நிமிட வார்ப்பிலேயே வளர்ந்தது. அதற்கு 45 பொருத்தமாயிற்று.

ஆதலின், வாங்குவோர்க்குரிய விதியை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். குறுகிய பாடலாயின், விரைந்த சாலுடைய தட்டைத் தெரிக. இராகம் தானம் பல்லவி போன்ற நீண்ட உருப்படியாயின், ஒலியின் நுண்மையிற் சிறிது இழப்பினும் தொடர்ச்சியுடைய நெடுந்தட்டைத் தெரிக. ஒரு பக்கத்தில் அளவுக்கு மிஞ்சி நேரத்தைத் திணித்த நெடுந்தட்டைத் தவிர்க்க; அதில் வலுவான ஒலிக்கு வேண்டிய அகன்ற நெளிவுகளுக்கு இடமில்லாமற் போகும்.

வேகமும் மலைநாடும்

வேகத்தைத் தெரிதல் எல்லோர்க்கும் இயன்றதோ எனின், இல்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் அது மின்சாரத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பல தோட்டங்கள் தம் ஓடைகளிற் சிறு நீர்ச்சுழலிகளை அமைத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு வேண்டிய வலுவைப் பெற்றன. தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் எட்டிய மின்சாரம் லயங்களுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. நெடுந்தட்டும் 45உம் மின்கருவியை வேண்டுவன. சாவி முறுக்கும் கிராமபோனோ மின்சாரத்தை வேண்டாது. ஆனால் 78 ஒன்றையே ஒலிக்கும். இந்தியக் கிராமங்களிலும் இதே நிலை. 78 அங்கு நீண்டகாலம் வாழ்ந்தமைக்கு இதுவே தலையாய காரணம். லயத்திலே 78 ஒலித்தது சுவை வேறுபாட்டாலன்று, கம்பி வாராமையால். ஆகவே, தோட்டத்து மக்களின் இசை நினைவு பெரும்பாலும் அரக்குத் தட்டிலேயே தங்கியுள்ளது. அத்தட்டுகளைப் பற்றிய வினா அம்மக்களின் வரலாறு பற்றிய வினாவுமாகும்.

மலைநாட்டுக் குளிரும் இவ்விடயத்திற் கவனிக்கத்தக்கது. சுருள்விற் கருவியிலே வேகத்தைக் காப்பது, சுழலும்போது விரிந்து உராய்வால் தடை செய்யும் சிறு குண்டுகளையுடைய ஆளி. அதன் அச்சுகளிலுள்ள கொழுப்பு குளிரில் இறுகும். பல்லாண்டு மாற்றாத பழங் கொழுப்பாயின் மேலும் இறுகும். கந்தப்பளையின் வைகறைக் குளிரில் வில்லின் வலு அத்தடையை வெல்லாது, கருவி மெல்ல ஓடும். அதே கருவி உச்சிவேளையிற் சற்று விரையலாம். மின்கருவியும் இக்குறைகளுக்கு முற்றும் விலக்கன்று. செக்கனுக்கு 60 மீடிறனுக்கென ஆக்கிய பழைய மோட்டரை, 50 மீடிறனுடைய இலங்கை மின்சாரத்தில் இணைப்பின், 78 என்பது 65 ஆகும். 5 கட்டையிற் பாடியவர் குரல் 3 கட்டைக்கு இறங்கும்.

மெய்வேகத்தைக் காணும் வழி

இனி, இரண்டாம் வினாவுக்கு வருவோம். பொறித்த தட்டைச் சுழற்றும் வேகத்திலே தெரிவு என்பது இல்லை. எவ்வேகத்திற் பொறிக்கப்பட்டதோ அவ்வேகமே மெய். ஏனைய யாவும் பொய். 33⅓க்குரிய தட்டை 45இற் சுழற்றினால் ஒலி தெளிவு பெறும் என எண்ணுவது பேதைமை. 1 கட்டையிற் பாடியவர் 4 கட்டைக்கும் சற்று மேலே கிறீச்சிடுவார்; அவ்வளவே.

அத்துணைப் பெரும் பிழையை எவரும் உணர்வர். நூற்றுக்கு ஐந்தளவான சிறு பிழையே வஞ்சகமானது. வேகம் மாறும்போது எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் உயர்கின்றன, அல்லது தாழ்கின்றன. சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள 2:3 என்னும் விகிதம் மாறுவதில்லை. சுரங்களின் உறவை எண்வழி ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அந்நூலைப் பயின்றோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். உறவு கெடாமையால் இராகம் கெடுவதில்லை. தோடி தோடியாகவே ஒலிக்கும். அதனாற் செவி ஐயுறுவதில்லை. கெடுவன மூன்று: ஆதார சுருதி, காலப்பிரமாணம், குரலின் இயற்பண்பு. 74 சுழற்சியிற் பொறித்த தட்டை 78இற் சுழற்றினாற் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும், கமகம் விரையும், நெஞ்சிலிருந்து எழுந்த ஆண்குரல் மெலிந்து சிறுவன் குரலை நாடும்.

இதன் விளைவு சிறிதன்று. எஸ். ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். 1906இற் பிறந்த அவர் 1933இல் மறைந்தார். பேசும்படத்தில் அவர் தோன்றிலர். 1926இற் கொழும்பு மேடையில் கே. பி. சுந்தராம்பாளோடு அவர் நடித்ததைக் கண்டு கேட்டவர்கள் இன்று இலர். சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தார். திரைப்படங்களும் பிற்காலப் பதிவுகளும் அவர் குரலுக்குச் சான்றாகும். கிட்டப்பாவின் குரலுக்கோ அரக்குத் தட்டுகளன்றி வேறு சான்றில்லை. அவர் எக்கட்டையிற் பாடினார், எத்துணை விரைவிற் பிருகா உதிர்த்தார் என்பவற்றையெல்லாம் தட்டின் வேகத்தைக் கொண்டே நாம் கூறுகின்றோம். வேகம் பிழையாயின் நாம் போற்றுவது அவர் குரலையன்று. நம் மோட்டரின் குரலையே.

மெய்வேகத்தைக் காண முதலில் கருவியின் வேகத்தை அறிதல் வேண்டும். அதற்கு எளிய வழி எண்ணுதலே. தட்டின் நடுச்சீட்டில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து, அது ஒரு குறியைக் கடக்கும் முறைகளை எண்ணுக. 33⅓ ஆயின் மூன்று நிமிடத்தில் 100 முறை. 45 ஆயின் 135 முறை. 78 ஆயின் 234 முறை. ஊசியைத் தட்டின்மேல் வைத்தே எண்ணுக. அதன் உராய்வும் வேகத்தைக் குறைக்கும். கோடிட்ட வட்டத்தை மின்விளக்கொளியிற் சுழற்றிப் பார்க்கும் முறையும் உண்டு. 50 மீடிறன் மின்சாரத்தில் எரியும் விளக்கு செக்கனுக்கு 100 முறை ஒளிர்வதால், 180 கோடுகளுடைய வட்டம் 33⅓இல் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். 77 கோடுகளுடையது 77.92இல் நிற்கும். ஆயின் இதில் ஒரு மயக்கம் உண்டு. தோட்டத்து நீர்ச்சுழலி தரும் மின்சாரத்தில், தொழிற்சாலை இயந்திரங்களின் சுமை ஏறும்போது மீடிறன் தாழலாம். அப்போது மோட்டரும் விளக்கும் ஒருங்கே தாழும். கோடுகள் அசையாதே நிற்கும். குற்றவாளியும் சாட்சியும் ஒரே வீட்டாராயின் வழக்கு எங்ஙனம் தீரும்? கடிகாரம் அவ்வீட்டைச் சேராத சாட்சி, அதனையே நம்புக.

அடுத்துத் தட்டின் வேகத்தைக் காணல் வேண்டும். இதற்குத் தட்டே சான்று தரும். நாடகப் பாடல்களுக்குப் பெரும்பாலும் ஆர்மோனியம் துணையாயிற்று. அதன் ஆதார சுருதி கட்டைகளுள் ஒன்றில் நிற்குமன்றி இரண்டிற்கும் இடையே நிற்கமாட்டாது. தட்டு ஒலிக்கும்போது நம் ஆர்மோனியத்தை மீட்டிப் பார்க்க. சுருதி 5 கட்டைக்கும் 5½ கட்டைக்கும் நடுவே நிற்பின், வேகத்தை நூற்றுக்கு மூன்றளவு குறைத்தல் வேண்டும், அல்லது கூட்டுதல் வேண்டும். எதனைச் செய்வது என்பதைக் குரலின் இயல்பும், சொற்களின் ஒலிப்பும், அதே பாடகரின் பிற தட்டுகளும் காட்டும். அக்காலத்து ஆர்மோனியங்கள் யாவும் ஒரே சுருதியளவில் அமைந்தன அல்ல. ஆதலின் ஒரு தட்டைக் கொண்டு முடிவு கூறாது, அடுத்தடுத்த பதிவெண்ணுடைய பல தட்டுகளை ஒப்பிடுதல் நன்று. அவை ஒரே நாளில் ஒரே ஆர்மோனியத்தோடு பொறிக்கப்பட்டனவாகலாம். அவற்றின் முடிவுகள் ஒத்திருப்பின் ஐயம் பெரிதும் நீங்கும்.

சுருதி நிலையாது அலையுமாயின், மோட்டரைப் பழிக்குமுன் தட்டின் துளையை நோக்குக. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சுருதி ஏறி இறங்கின் துளை நடுவில் அமையவில்லை என்பதே பொருள். மலைநாட்டு ஈரத்தாற் சாலிற் படியும் பூஞ்சணமும் ஒலியைக் கெடுக்கும். அதனைத் துடைக்க மதுசாரத்தைப் பயன்படுத்தல் ஆகாது. மதுசாரம் அரக்கைக் கரைக்கும், குரலும் அதனோடு கரையும்.

முடிவு

கந்தப்பளை வழக்கிற்கு வருவோம். முதியவரின் கிராமபோனை எண்ணிப் பார்த்தோம். அக்காலைக் குளிரில் அது நிமிடத்துக்கு 74 முறையே சுழன்றது. பேரனின் கருவி பிழையின்றி 78 முறை சுழன்றது. அயலிலுள்ள கோயிற் பசனைக் குழுவின் ஆர்மோனியத்தை வருவித்து ஒப்பிட்டபோது, இரு வேகத்திலும் பாட்டின் சுருதி கட்டைகளுக்கு இடையிலேயே நின்றது. புதுக் கருவியின் திருகைச் சிறிது தளர்த்தி 76 அளவிற்குக் கொணர்ந்ததும் சுருதி கட்டையிற் பொருந்தியது, சொற்கள் இயல்பாயின. அத்தொகுதியில் அதே குழுவினர் பாடிய வேறு இரு தட்டுகளும் அவ்விடத்திலேயே பொருந்தின. முதியவரின் நினைவும் சற்றுப் பிழை. அச்சிட்ட எண்ணும் சற்றுப் பிழை. பேரன் ஒன்றும் பேசவில்லை. முதியவர் மட்டும் "இன்னொரு தடவ போடு" என்றார்.

இஃதே முடிந்த முடிபு என்பேமல்லேம். ஆயினும் இதனை ஆராயாது விடுதல் இக்காலத்திற் பெருந் தீங்காகும். முன்னர்ப் பிழையான வேகம் அவ்வேளையோடு ஒழிந்தது. தட்டு பழுதின்றி இருந்தது. அடுத்தவர் திருத்திக் கேட்கலாம். இன்று பழந்தட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பலர்க்கும் பரப்புகின்றோம். ஏற்றிய வேகம் பிழையாயின் அப்பிழையே ஆயிரம் படிகளாகப் பெருகும். தட்டோ உடையக்கூடியது; உடைந்தபின் ஒப்பிட மூலம் இராது. ஆகவே, பழந்தட்டைப் படியெடுப்போர், அதனை எவ்வேகத்திற் சுழற்றினர், அவ்வேகத்தை எவ்வாறு கண்டனர் என்பவற்றைப் படியோடு எழுதி வைத்தல் கடமையாகும். ஓலைச்சுவடியைப் பதிப்பித்தோர் பாடவேறுபாட்டைக் குறித்து வைத்தமையாலேயே பின்வந்தோர் பிழை திருத்த இயன்றது. இசைத்தட்டும் ஒரு சுவடியே. அதன் வேகமே அதன் பாடம்.